புரவலர் தந்த பக்கம்: ஜார்ஜ் ஹெரிமன் வாழ்க்கை வரலாறு குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

அமெரிக்க நாளிதழ்ச் சித்திரக்கதை வரலாற்றில் கலைஞர் – புரவலர் உறவுக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது, ‘கிரேஸி கேட்’ தொடரை வரைந்த ஜார்ஜ் ஹெரிமனுக்கும் (1880–1944) நாளிதழ் அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டுக்கும் இடையிலான உறவாகும். பெருந்திரள் வாசகரிடம் வரவேற்புக் குன்றிய ஒரு தொடரை அதிபரின் தனிப்பட்ட விருப்பம் காத்தது என்பதே வழக்கமான விளக்கம். இவ்விளக்கம் பிழையன்று, ஆயின் முழுமையானதும் அன்று. கலைஞரின் பிறப்புப் பதிவோடு சேர்த்து நோக்கும்போதே இப்புரவலமையின் இயல்பு தெளிவாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

புரவலமையின் பயன்

1910இல் வேறொரு தொடரின் அடியில் சிறு நிகழ்ச்சியாகத் தோன்றிய பூனையும் எலியும் 1913இல் தனித்தொடராயின. 1916 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முழுப்பக்கம் கிடைத்தது. அப்பக்கம் நகைச்சுவை இணைப்பில் அன்றி, கலை, நாடகச் செய்திகளுக்குரிய பகுதியில் இடம்பெற்றது. பூனை எலியை நேசிக்கிறது. எலி செங்கல்லை எறிகிறது. பூனை அதனை அன்பின் அடையாளமாக ஏற்கிறது. பூனையை விரும்பும் காவலரான நாய் எலியைச் சிறையிலடைக்கிறது. இவ்வொரு கதைக்கூறே முப்பது ஆண்டுகள் நீடித்தது. அரிசோனாவின் கோகோனினோ நிலக்காட்சி கட்டத்துக்குக் கட்டம் மாறிக்கொண்டே இருந்தது. விற்பனையே அளவுகோலாக இருந்திருப்பின் இத்தகைய சோதனை முயற்சி நிலைத்திராது. 1922இல் ஜான் ஆல்டன் கார்பென்டர் இதனை இசைக்கூத்தாக்கினார். 1924இல் கில்பர்ட் செல்டஸ் தம் நூலில் உயர்கலையாகப் போற்றினார். ஓவியர் இறந்தபின் தொடரை வேறொருவரிடம் ஒப்படைப்பதே விநியோக நிறுவனங்களின் பொதுவழக்கம். ஹெரிமனின் தொடரோ அவருடனேயே நிறுத்தப்பட்டது. ஆகவே புரவலர் தந்தவை ஊதியம் மட்டுமல்ல. இடமும் காலமும் ஆகும்.

இரு பதிவுகள்

1971இல் சமூகவியலாளர் ஆர்தர் ஆசா பெர்கர் வெளிக்கொணர்ந்த நியூ ஆர்லியன்ஸ் பிறப்புப் பதிவு ஹெரிமனைக் ‘கறுப்பினத்தவர்’ வகையில் சேர்த்திருந்தது. இறப்புப் பதிவு அவரை வெள்ளையர் எனக் குறித்தது. அவரது சிறுவயதிலேயே குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. இனவாரியாகத் தனித்தனி இரயில்பெட்டிகளைக் கட்டாயமாக்கிய லூசியானா சட்டம் 1890இல் இயற்றப்பட்டது என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. உடன் பணியாற்றியோர் அவரைக் ‘கிரேக்கர்’ என அழைத்தனர்.

இப்பதிவு வெளிவந்தபின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒப்புதல் வாக்குமூலமாகப் படிக்கும் போக்கு எழுந்தது. அது படைப்பைச் சுருக்கிவிடுகிறது. எனினும் முற்றிலும் புறக்கணிக்கவும் இயலாது. கரிய பூனை வெண்மையாக மாறும் ஓரத்தியாயத்தில் எலி அதன்மீது காதல் கொள்கிறது. உண்மை அறிந்ததும் பழைய வெறுப்புக்கே திரும்புகிறது. இங்குப் பூனை மாறவில்லை. அதனைக் காணும் கண்ணே மாறுகிறது. இதனைத் தன்வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. மதிப்பு நிறத்தைச் சார்ந்து ஏறி இறங்குவதை ஓவியர் நன்குணர்ந்திருந்தார் என்பதற்கு இது போதிய சான்று.

புரவலமையின் எல்லை

ஹெர்ஸ்ட்டின் இதழ்கள் கலிஃபோர்னியாவில் ஜப்பானியருக்கு எதிரான உணர்வைத் தூண்டியவை. அதே நிறுவனமே ஹெரிமனின் பக்கத்தையும் காத்தது. இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. தனியொருவரின் சுவையில் நிற்கும் புரவலமை, தான் விரும்பிய கலைஞருக்கு வரம்பற்ற உரிமை தரும். அவ்வுரிமையைப் பிறர்க்கு விரிக்கும் கடப்பாடு அதற்கில்லை. ஹெரிமனும் வெள்ளையராகக் கருதப்பட்ட நிலையிலேயே அதனைப் பெற்றார்.

முடிவுரை

மைக்கேல் டிசரண்ட் 2016இல் வெளியிட்ட வரலாறு குடும்ப ஆவணங்களை விரிவாகத் தொகுத்தளித்துள்ளது. இனித் திறனாய்வு செய்யவேண்டியது, அவ்வாவணங்களைப் புரவலமை வரலாற்றோடு ஒன்றாகப் படிப்பதாகும். ஹெர்ஸ்ட்டைப் போற்றுவதோ தூற்றுவதோ இதன் நோக்கமன்று. திறந்திருந்த கதவு எவருக்குத் திறந்திருந்தது எனக் கேட்காத வாழ்க்கை வரலாறு, புரவலரின் புகழுரையாகவே முடியும்.