ஒரு ஃபோர்க், இரண்டு சைக்கிள்கள்

அம்பத்தூரில் 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டுத் தெருக்களை நிறைத்த கறுப்பு ஹெர்குலிஸ் வண்டிகளுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. ஒன்றின் ஃபோர்க் வளைந்துபோனால் இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டிவிடலாம். வாடகை சைக்கிள் கடைகள் காலம் தள்ளியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. மூன்று காயலான் வண்டிகளைப் பிரித்துப் போட்டால் ஓடுகிற வண்டி இரண்டாவது தேறும். அளவெடுக்கும் பேச்சே இல்லை. அந்தக் கைப்பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் இன்னும் இருக்கிறது. அவர்களிடம் வந்து நிற்கும் வண்டிதான் வேறு.

சென்னை கொட்டிவாக்கத்தில் ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்று சுற்றினால் தெரியும். வீட்டுக்கு இரண்டு எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள். ஒன்று அப்பாவுடையது, நல்ல காற்று ஃபோர்க் உள்ளது, ஓட்டாமல் தூசி படிந்தது. மற்றது மகனுடையது, கனத்த ஸ்பிரிங் ஃபோர்க்கோடு தினமும் ஓடுவது. அப்பாவின் ஃபோர்க்கைக் கழற்றி மகனின் வண்டியில் போட்டால் என்ன என்ற எண்ணம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு நல்ல காற்று ஃபோர்க் புதிதாக வாங்கும் பணத்தில் சாதாரண கியர் சைக்கிள் ஒன்றையே வாங்கிவிடலாம். ஆக, யோசனையில் சிக்கனம் இருக்கிறது. ஆனால் கேட்பவர் எல்லோரும் நல்ல ஃபோர்க் போய்ச் சேரும் வண்டியைத்தான் பார்க்கிறார்கள். அதைப் பறிகொடுத்த வண்டி பதிலுக்கு எதை மாட்டிக்கொண்டு எப்படி ஓடும் என்று பார்ப்பதில்லை. இந்த வேலையின் குறைகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வண்டியில்தான் கிடக்கின்றன.

ஃபிரேமின் கழுத்துக்குள் நுழையும் ஸ்டீரர் குழாயை எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த எம்டிபிகள் பலவற்றில் இது மேலிருந்து கீழ்வரை 28.6 மி.மீ. விட்டமுள்ள நேர்க்குழாய். விலை கூடிய வண்டிகளில் அடிப்பக்கம் சுமார் 38 மி.மீ. வரை அகலும். நேர்க்குழாயை அகன்ற கழுத்துக்குள் அதற்கான வளையம் போட்டு ஏற்றிவிடலாம். அகன்ற குழாயைச் சாதாரண நேர்க் கழுத்துக்குள் ஏற்ற வழியில்லை. நீளத்திலும் இதே ஓரவஞ்சனை. பெரிய ஃபிரேமுக்காக வெட்டிய குழாய் சின்ன ஃபிரேமில் மிஞ்சும், இடையில் ஸ்பேசர் அடுக்கிச் சமாளிக்கலாம். சின்ன ஃபிரேமுக்காக வெட்டியதோ பெரிய ஃபிரேமில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை எட்டவே எட்டாது, அல்லது ஸ்டெம் பாதி உயரத்துக்கு மட்டும் கவ்வி நிற்கும். பள்ளத்தில் விழும்போது ஹேண்டில்பார் கையோடு வந்துவிடுவதற்கு அது போதும். வெல்டிங் வைத்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடையைவிட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. பல ஜோடிகளில் மாற்றம் ஒரு திசையில் மட்டுமே சாத்தியம். அதைப் பரிமாற்றம் என்று சொல்வதே பொருந்தாது.

குழாய் பொருந்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத தொல்லை அதற்குப் பிறகுதான். ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் சஸ்பென்ஷன் ஃபோர்க் 1989 வாக்கில் சந்தைக்கு வரும்வரை மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் விறைப்பான ரிஜிட் ஃபோர்க்தான். இன்று ஒவ்வொரு ஃபிரேமும் குறிப்பிட்ட உயர ஃபோர்க்கை மனதில் வைத்தே வடிவமைக்கப்படுகிறது. ஒரே சக்கர அளவாக இருந்தாலும், 80 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்கைவிட 120 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் ஏறத்தாழ 40 மி.மீ. உயரம். இரு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1.1 மீட்டர் இருப்பதால், முன்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால் ஃபிரேம் ஒரு டிகிரி பின்னால் சாயும். நாற்பதுக்கு இரண்டு டிகிரி. உயர்ந்த வண்டி மெதுவாகப் போகையில் மந்தமாகத் திரும்பும், சீட் பின்னுக்குப் போகும், கழுத்து வெல்டிங்கில் பளு கூடும். தாழ்ந்த வண்டியோ படபடவென்று திரும்பும், பெடல் தரைக்கு நெருங்கும். ஒரே மாற்றத்தில் இரண்டு வண்டிகள் கெட்டன. அமுங்கும் அளவில் இருபது மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் பழகிக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு. அதற்குமேல் ஃபிரேம் தயாரிப்பாளர் சொன்ன வரம்பைப் பார்க்காமல் கைவைப்பது வம்பு.

பிரேக், அச்சு விஷயங்கள் உடனே தெரிந்துவிடும். டிஸ்க் காலிபர் மாட்ட இடமில்லாத ஃபோர்க்கில் டிஸ்க் போட முடியாது, 15 மி.மீ. அச்சு ஃபோர்க்கில் பழைய குயிக் ரிலீஸ் சக்கரம் நேராக உட்காராது. ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படித் தெரிவதில்லை. காற்று ஃபோர்க் என்றால் பம்ப்பை வைத்து எடைக்கேற்ப அழுத்தம் மாற்றலாம். ஸ்பிரிங் ஃபோர்க்கின் தலையில் உள்ள திருகு ஆரம்ப இறுக்கத்தை மட்டும்தான் மாற்றும். மகனின் ஐம்பது கிலோவைத் தாங்கிய ஸ்பிரிங் அப்பாவின் தொண்ணூறு கிலோவில் பாதி வழியிலேயே படுத்துவிடும்.

இவ்வளவுக்கும் நடுவே இந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரு நன்மை உண்டு, அதை யாரும் திட்டமிடுவதில்லை. ஃபோர்க்கைக் கழற்ற, ஃபிரேமின் கழுத்தில் பேரிங்குகள் உள்ள ஹெட்செட்டைத் திறந்தாக வேண்டும். கொட்டிவாக்கத்துக் கடற்காற்றில் சில ஆண்டுகள் நின்ற வண்டிக்கு அது முழு உடல் பரிசோதனை. கிரீஸ் காய்ந்து பேரிங் துருவேறியிருப்பது அன்றைக்குத்தான் தெரியும். ஃபோர்க்கின் வழவழப்பான உள்தண்டுகளில் உப்பு அரித்த புள்ளிகளும் கண்ணில் படும். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துத் தட்டுப்பட்டால் அந்த ஃபோர்க்கை எந்த வண்டிக்கும் மாற்றக் கூடாது. போகப்போக அது சீலைக் கிழித்து எண்ணெயைக் கசியவிடும். அப்பாவின் ஓட்டாத வண்டியில் இருப்பதுதான் நல்ல ஃபோர்க் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இங்கேயே உடையும்.

சரி, இந்தப் பக்கத்தில் சஸ்பென்ஷன் எவ்வளவு தேவை? திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆர் சமதளமான தார்ச்சாலை. வேகத்தடைகளும் தோண்டி மூடிய பள்ளங்களும் உண்டுதான். அவற்றுக்கு அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தாலே பாதி அதிர்ச்சி போய்விடும். கடற்கரை மணலில் ஃபோர்க்கால் ஒரு பயனும் இல்லை, அங்கேயும் டயர்தான் பேசும். மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்கோ இரண்டரை கிலோ எடை. எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் ஒரு பங்கை அமுங்கியே விழுங்கிவிடும்.

மகனின் வண்டிக்கு, பழைய ஃபோர்க்கின் உயரத்துக்கு ஈடாகச் செய்த ரிஜிட் ஃபோர்க் ஒன்றை வாங்கிப் போடுவதே நான் சொல்லக்கூடிய வழி. எடை ஒரு கிலோவுக்கு மேல் குறையும், திருப்பம் மாறாது, உப்புக்காற்று அரிக்கத் தண்டும் சீலும் இருக்காது. அப்பாவின் காற்று ஃபோர்க், தண்டு சுத்தமாக இருந்தால், அதற்காகவே வரைந்த ஃபிரேமில் இருக்கட்டும். ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ காரின் பின்னால் கட்டி எடுத்துப் போகும் நாளில் அதற்கு வேலை வரும்.