கிளிப் உடைந்தால் பையை ஏன் பிரிக்கணும்?

மலைநடைக்கு எடுத்துப்போக வேண்டிய ரிப்பேர் சாமான் என்று தேடினால் ஊசி, நைலான் நூல், டேப், பசை என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் சரிதான். ஆனா ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப்பை மாற்ற ஊசி நூல் எதுக்குத் தேவைப்படுது?

முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைப் பாருங்க. சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்குவது அதுதான். அதை முன்னால் பூட்டும் கிளிப்பில் இரண்டு பாதி. கவை நீட்டிக்கொண்டிருக்கும் பாதியில் பெரும்பாலும் வார் வெறுமனே நுழைந்து திரும்புகிறது. உருவிட்டுப் புதுசில் கோத்துடலாம். கவையை வாங்கிக்கொள்ளும் பாதியில், பல பைகளில், வாரை மூடிய சட்டத்தைச் சுற்றி மடித்து நெருக்கித் தைத்திருப்பார்கள். ஒருத்தர் பூட்ஸ் காலால் மிதித்தாலோ கார் கதவில் சிக்கினாலோ போச்சு. தையலைப் பிரித்து, புதியதைச் செருகி, தடித்த வாரில் கையால் ஊசி ஏற்றணும். கலிஃபோர்னியாவின் ஜான் மியூர் பாதையில், தென்பகுதியில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் சாலையே குறுக்கிடாது. தையல் மெஷினுக்கு எங்கே போக?

டிக் கெல்ட்டி 1952-ல் அதே கலிஃபோர்னியாவில் அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்கத் தொடங்கினார். அந்த வகைப் பைகளில் துணியையும் சட்டத்தையும் இணைப்பது துளையுள்ள சிறு ஆணியும் சாவிக்கொத்து மாதிரி ஒரு வளையமும். வளையம் தொலைந்தால் ஒரு துண்டுக் கம்பி போதும். நடக்க நடக்க கிறீச்சென்று சத்தம் போடும், அது வேற விஷயம். பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரலை.

தைத்த வளையத்தைப் பிரிக்காமலே மாட்டும் கிளிப்புகள் இப்பவே கடையில் கிடைக்கின்றன. ஒரு வகையில் சட்டத்தில் ஒரு பிளவு; வளையத்தை அதன் வழியாகத் தள்ளி நுழைக்கலாம். கருவி வேண்டாம், ஆனா பிளவுள்ள இடத்தில் வலு குறைவு, வார் தளர்ந்தால் நழுவவும் கூடும். இன்னொன்றில் திருகிக் கழற்றும் எஃகு ஊசி இருக்கும். உறுதியானது, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று கையில் இருக்கணும். எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்க. இரண்டுமே 38 மி.மீ. அகலமாக இருந்தாலும், ஒரு கம்பெனியின் கவை இன்னொன்றில் பூட்டும்னு நம்ப முடியாது.

எனக்கு உறுத்துவது, இது தனியாக வாங்க வேண்டிய உதிரிப் பொருளாக இருப்பதுதான். தைத்தால் உறுதி என்பார்கள். உடைவது தையல் இல்லையே, பிளாஸ்டிக்தானே! சில பைகளில் இடுப்புப் பட்டையின் இரண்டு பாதியிலுமே வார் கோத்துத்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கலாம். அப்படிச் செய்ய முடியும்னா மற்றவர்களுக்கு என்ன தடை? கடையில் எத்தனை லிட்டர், எத்தனை கிராம் என்று கேட்பதற்கு முன்னால் கிளிப்பைத் திருப்பிப் பாருங்க.

உதிரி இல்லாமல் மாட்டிக்கொண்டால், உடைந்த பிளாஸ்டிக்கை மட்டும் வெட்டி எடுங்க, தையலைத் தொடாதீங்க. எதிர்ப்பக்க வாரை உருவி அந்த வளையத்துக்குள் விட்டு முடிச்சுப் போட்டால் நடக்கலாம். பையை இறக்கும் ஒவ்வொரு தடவையும், சுமையில் இறுகிய அந்த முடிச்சைக் குளிரில் மரத்த விரலால் அவிழ்க்கணும்.