ஓ பக்கங்கள்

அரசியல் பத்தி எழுதியவர்களில் என் மனசுக்கு நெருக்கமான கை ஞாநியுடையது. விகடன், குமுதம், கல்கி என்று இதழ்கள் மாறினாலும் அவருடைய ‘ஓ பக்கங்கள்’ பத்தியின் குரல் மாறவில்லை. குட்டிக் குட்டி வாக்கியங்கள். நடுவே ஒரு கேள்வி. நாம் பதில் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி. கோபம் இருக்கும், கூச்சல் இருக்காது. எதிரே உட்கார்ந்து காபி குடித்தபடி ஒருவர் நிதானமாகப் பேசுவது மாதிரியே ஓடும்.

49 ஓ விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதவைத்துக் கையெழுத்துப் போட அது வழி தந்தது. 1961-ஆம் வருடத் தேர்தல் நடத்தை விதிகளுக்குள் சத்தமில்லாமல் கிடந்த சங்கதி அது. சட்டம் படிக்காதவரும் சாவடியில் தைரியமாகக் கேட்கும்படி, ஞாநி அதைப் பற்றி அலுக்காமல் திரும்பத் திரும்ப எழுதினார். சட்ட வாசகத்தின் முள்ளை எடுத்துவிட்டு, பொருள் கெடாமல் கொடுப்பது லேசான வேலையில்லை. வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காமல் பாராட்டியதும் குட்டியதும் அதே கைதான். இந்தப் பத்திகள் நூல்களாகவும் வந்திருக்கின்றன. கண்ணில் பட்டால் வாங்கிப் படியுங்கள்.