'சேஃப்டி'யும் 'செக்யூரிட்டி'யும்: சட்டத் தமிழில் ஒரு பொருள்மயக்கம்

ஆங்கிலத்தில் நெருங்கிய பொருளுடைய 'சேஃப்டி', 'செக்யூரிட்டி' ஆகிய இரு சொற்களுக்கும் தமிழில் பெரும்பாலும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல் வழங்குகிறது. பொது வழக்கில் இதனால் பெரிய இடரில்லை. சட்டத் தமிழில் இது மயக்கத்திற்கு இடந்தருவதை நடுவணரசின் இரு சட்டங்களின் வழி இக்கட்டுரை சுட்டுகிறது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 'சேஃப்டி' பற்றியது. உண்ணும் பொருளில் தீங்கு இருத்தலாகாது என்பது அதன் நோக்கம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'செக்யூரிட்டி' பற்றியது. முன்னுரிமைக் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் திங்கள்தோறும் 5 கிலோ தானியம் பெறும் உரிமையை அது வழங்குகிறது. எதிர்ப்பொருள் கொண்டு நோக்கின் வேறுபாடு தெளிவாகும். முன்னதன் மறுதலை கலப்படமும் நஞ்சும். பின்னதன் மறுதலை பசி. கடையில் மாசற்ற அரிசி இருந்தும் வாங்க வழியற்றவருக்கு முன்னது உண்டு, பின்னது இல்லை.

மயக்கம் பெயரளவில் நிற்பதில்லை. உரிய தானியம் வழங்கப்படாதபோது பயனாளிக்குப் படி வழங்கவேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. அதனை 'உணவுப் பாதுகாப்புப் படி' எனப் பெயர்த்தால், கெட்ட உணவுக்கான இழப்பீடு என்றே படிப்பவர் கொள்வர். முறையீட்டிலும் இந்நிலையே. 'உணவுப் பாதுகாப்பு அலுவலர்' 2006ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உரியவர். பங்கீட்டுத் தானியம் மறுக்கப்பட்டவர் நாடவேண்டியவரோ மாவட்டக் குறைதீர் அலுவலர். சொல் இங்கு வழி மாற்றிவிடுகிறது.

இந்தியும் இரண்டிற்கும் 'சுரக்ஷா' என்றே வழங்குகிறது. மலையாளத்தில் முதற்பொருளுக்குச் 'சுரக்ஷ'யும் இரண்டாவதற்குப் 'பத்ரத'யும் வழங்கக் காணலாம். டெக்னோபார்க் அமைந்துள்ள கழக்கூட்டத்தின் பேச்சுவழக்கிலும் வாயிற்காவலர் 'செக்யூரிட்டி', தீத்தடுப்புப் பயிற்சி 'சேஃப்டி'. இவற்றை எவரும் மாற்றி வழங்குவதில்லை. பேசுவோர் உணரும் வேறுபாட்டை மொழிபெயர்ப்பு இழத்தல் பொருந்தாது.

இரண்டாம் பொருளுக்கு 'உணவு உறுதி' எனலாம். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்வழி 'உறுதி' என்பது 'கேரண்டி' என்னும் பொருளில் முன்னரே வழக்கூன்றியது எனத் தடை கூறப்படலாம். அத்தடை வலுவுடையதன்று, 2013ஆம் ஆண்டுச் சட்டம் தருவதும் உரிமையே ஆதலின் அப்பொருட்சாயல் இங்குப் பொருந்துவதே. நாட்டுப் பாதுகாப்பு, சாலைப் பாதுகாப்பு போன்ற தொடர்களை மாற்றவேண்டுவதில்லை. அவற்றில் அடைமொழியே பொருளை வரையறுக்கிறது. 'உணவு' என்னும் ஒரே அடைமொழி இரு சட்டங்களுக்கும் பொதுவாகும் இடத்திலேயே தனிச்சொல் இன்றியமையாததாகிறது.