மாரி எதிர்வுகூறலை எதற்கு நம்புவது?

பருத்தித்துறையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து தீர்கிறது. ஆறில்லாத இந்தச் சுண்ணக்கல் நிலத்தில் காலபோக நெல்லும் கோடைக்குக் கிணறுகளில் நிற்கும் நன்னீரும் அந்த மூன்று மாதங்களின் கொடை. அந்தப் பருவத்தை வளிமண்டல மாதிரிகளால் முன்கூட்டிக் கணிப்பதற்கு உறுதியான அடிப்படை உண்டு. இரண்டு கிழமைக்கு அப்பால் இன்ன நாளில் மழை என்று சொல்ல இயலாது. ஆனால் கடலின் வெப்பம் மெல்லத்தான் மாறும். வெப்பமண்டலக் காற்றோட்டத்தை அது மாதக்கணக்கில் ஆட்டுவிக்கும். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் எங்கள் மாரி பெருகும் பக்கமும், அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குறையும் பக்கமும் சாய்கிறது. அந்தக் கடல்நிலை செப்டெம்பருக்குள் பெரும்பாலும் தெளிவாகிவிடுவது எங்களுக்கு வாய்த்த அனுகூலம்.

ஆனால் சாய்வு தீர்ப்பாகாது. 2020 லா நினா ஆண்டு; அந்த டிசம்பரில்தான் புரெவிப் புயல் யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. 2021உம் லா நினாதான்; தமிழ்நாட்டில் வடகீழ்ப் பருவமழை சராசரியை வெகுவாக விஞ்சியது. வங்கக்கடலில் எழும் ஓரிரு தாழமுக்கங்கள் எந்தக் கரைக்குத் திரும்புகின்றன என்பதே இங்கே பருவத்தின் மொத்தத்தைப் புரட்டிவிடும். அந்தத் திருப்பத்தைச் செப்டெம்பரில் எந்த மாதிரியும் அறியாது. ஐரோப்பிய வானிலை நிலையம் 2017இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த பருவகால மாதிரி நிலத்தைப் பிரித்துக் கணிக்கும் ஒரு கட்டமே ஏறத்தாழ 36 கிலோமீற்றர் அகலம். பருத்தித்துறையும் யாழ்ப்பாண நகரும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே இடம்தான். அதே மாதிரியை 51 முறை சிறுசிறு வேறுபாடுகளோடு ஓட்டுகிறார்கள். கிடைப்பது ஒரு விடையல்ல, விடைகளின் பரம்பல். செய்தியாகும்போது அந்தப் பரம்பல் உதிர்ந்து, "இம்முறை மழை கூடும்" என்ற ஒற்றை வரி மிஞ்சுகிறது. மாதிரியின் குறையைவிட இந்த வெட்டுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

நாள் சொல்லாத கணிப்பு எதற்கு, பஞ்சாங்கமும் மழைக்குறி சொல்கிறதே என்பார்கள். எத்தனை முறை பலித்தது என்று எண்ணிப் பார்க்க இடங்கொடுப்பதே எதிர்வுகூறலின் பலம். நிகழ்தகவு விவசாயிக்கு விளங்காது என்ற வாதமும் பொருந்தாது: முதல் மழையை நம்பி விதைக்கும் ஒவ்வொரு முறையும் அவர் சாத்தியங்களை எடைபோட்டே விதைக்கிறார். விதைக்கும் நாளைக் குறிக்க இந்தக் கணிப்பு உதவாது. அதற்குச் சில நாள் முன்னறிவிப்பே துணை. மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, எந்தக் குளத்தை முதலில் தூர்வாருவது, கோடையில் எவ்வளவு நிலத்துக்கு வெங்காயம் நடத் துணியலாம் என்ற முடிவுகளுக்கு உதவும். அதற்கு, மழை கூடவும் குறையவும் உள்ள வாய்ப்புகளும் கடந்த ஆண்டுகளின் பலித்த, பிழைத்த கணக்கும் சேர்ந்தே பருத்தித்துறை அடங்கிய வடமராட்சியின் விவசாயியின் கைக்கு வரவேண்டும்.