கோடுகளில் வாழும் மதுரை

துன்பத்தை வென்ற கலைஞரைப் பற்றி எழுதப் புகுவோர், கலையை மறந்து துன்பத்தை மட்டுமே எழுதி முடிப்பது வழக்கமாகிவிட்டது. மதுரையில் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸ் (1936-2022) அவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே நேர்ந்தது. ஆகவே, நாம் அவருடைய கோடுகளிலிருந்து தொடங்குவோம்.

அவர் ஓவியக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் கற்றுச் சென்னையில் பணியாற்றியவாறே வரைந்தார். பேனாவும் கறுப்பு மையுமே அவருடைய முதன்மைக் கருவிகள். மை ஓவியத்தில் இட்ட கோட்டை மீட்க இயலாது. நெருங்கிய கோடுகள் நிழலாகின்றன. தொடாது விட்ட தாளே வெயிலாகின்றது. மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களும் நாயக்கர் மகால் தூண்களும் யானைமலையின் நீண்ட முதுகும் இவ்விதமே நம்முன் எழுகின்றன.

அவரைப் பற்றியிருந்த விழித்திரை நோய், முதலில் இரவுப் பார்வையைக் குறைத்து, பின்னர்ப் பார்வைப் பரப்பை ஓரங்களிலிருந்து சுருக்கிக்கொண்டே வருவது. குழாய் வழியே நோக்குபவருக்கு முழுக் கோபுரம் ஒருசேரப் புலப்படாது. கண் ஒரு சிறு பகுதியைத் தர, மீதியை நினைவு தாங்க வேண்டும். அவருடைய ஓவியங்களில் காணும் நுணுக்கத்தை வெறும் பொறுமை என்பது போதாது. அது நினைவின் ஒழுக்கம்.

1972 இல் நேர்ந்த கார் விபத்தில் துணைவியார் மகிமா உடல் செயலிழந்தார். ஆயினும் கணவர் வரைய, மனைவி எழுத, வாழ்த்து அட்டைகள் உருவாயின. அவற்றின் வருவாய் அறப்பணிகளுக்குச் சென்றது. ஓவியங்களிலோ தன்னிரக்கத்தின் நிழல்கூட இல்லை. பார்வையற்றவரைக் கண்டு, யார் செய்த பாவம் என வினவிய சீடரின் கேள்வியையே இயேசு விலக்கியதை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. இந்த ஓவியரும் காரணம் தேடி நிற்கவில்லை; கிடைத்த ஒளியைச் செலவிட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். அவருடைய கட்டட ஓவியங்களில் மனிதர் பெரும்பாலும் சிற்றுருவங்களே. 'கிரீன் வெல் இயர்ஸ்' (1997) என்னும் ஆங்கில நாவலில் போலவே, ஓவியங்களிலும் அவர் நாடியது தம் இளமைக்கால மதுரையை. உழைப்பவன் வியர்வையும் ஏழையின் குடிசையும் அந்த வெயிலில் போதிய இடம் பெறவில்லை. அன்பு மிகும்போது விமர்சனம் மெலிகிறது.

எனினும் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் முயற்சி 2010 இல் எழுந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றதை நினைவுகூர்வோம். அன்றாடம் காணும் ஒன்று இழக்கத்தகாதது என உணர்த்துவதும் கலையின் கடன். அக்கடனை இக்கோடுகள் ஆற்றியிருக்கின்றன.

2020 இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. அதனினும் பெரிய மரியாதை ஒன்று நம் கையில் உள்ளது: இருகண்ணும் பழுதின்றிப் பெற்ற நாம், தெற்குக் கோபுரத்தை ஒருமுறையேனும் நின்று நோக்குவது.