ஐந்தாம் தொகுதி, 647ஆம் பக்கம்

(1996) 5 எஸ்.சி.சி. 647. சட்டம் படித்தவருக்கு இது ஒரு விலாசம். அடைப்புக்குறிக்குள் ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது தொகுதி, எந்தத் தீர்ப்பிதழ், எந்தப் பக்கம். வழக்குப் போட்டவர் பெயர் மறந்திருக்கலாம், தீர்ப்பு எழுதிய நீதிபதி யாரென்று தெரியாமலே இருக்கலாம். இந்த நான்கும் கையில் இருந்தால் எந்த ஊர் பார் லைப்ரரியிலும் அதே பக்கத்தில் அதே வரி கிடைத்துவிடும்.

1969 முதல் லக்னோவிலிருந்து வரும் இந்த எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) இதழின் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஓரத்தில் மேலிருந்து கீழாக, சம இடைவெளியில், 'ஏ' முதல் 'எச்' வரை எட்டுச் சிறிய எழுத்துகள். பக்க எண்ணைச் சொல்லி, கூடவே "டி" என்று வக்கீல் சொல்ல வேண்டியதுதான், நீதிபதியின் கண் நேராக அந்த இடத்தில் போய் நிற்கும். இந்த எட்டு எழுத்துக்கு இடம் ஒதுக்கியவரை நான் மனதாரப் பாராட்டுவேன்.

தீர்ப்புக்கு முன்னால் வரும் ஹெட்நோட்டை எழுதியவர் நீதிபதி அல்ல, பதிப்பாசிரியர். முதலில் சட்டத்தின் பெயர், ஒரு சிறு கோடு, பிரிவு எண், இன்னொரு கோடு, பொருள், மறுபடி கோடு, அதற்குள் இன்னும் குறுகிய பொருள். ஒவ்வொரு கோட்டிலும் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நீதிமன்றம் என்ன முடிவு சொன்னது என்ற ஒரே வாக்கியத்தில் நிற்கிறது. பல பக்கத் தீர்ப்பைச் சில வரிகளில், நீதிபதி சொல்லாத ஒரு சொல்லையும் அவர் வாயில் திணிக்காமல் எழுதுவதற்கு எத்தனை அடக்கம் வேண்டும்!

திண்டுக்கல்காரர்கள் இந்த 647ஆம் பக்கத்தை ஒருமுறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கே தொடங்குவது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் பற்றியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உறுதியாகச் சொன்னது இதில்தான். வழக்கின் பெயர் வேலூரைச் சொன்னாலும் உள்ளே நம் ஊர்க் கிணறுகள் இருக்கின்றன. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு: குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. பெண்களும் பிள்ளைகளும் குடிநீருக்கு மைல்கணக்கில் நடந்ததையும் தீர்ப்பு பதிந்து வைத்திருக்கிறது. ஊர்க்கிணற்றை எட்டிப் பார்த்து யாரோ எண்ணிய எண்ணிக்கை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறி, நாடு முழுக்க நூலகங்களில் அமர்ந்திருக்கிறது.

பழைய தொகுதிகள் பக்கம் போனால் தோல் வேறொரு வழியில் வந்து நிற்கிறது. 1876இல் தொடங்கிய இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் சென்னை வரிசை, 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் ஆகியவற்றின் தோல் பைண்டிங் பிரதிகள். பழுப்புத் தோல் முதுகு. அதில் சிவப்பிலும் கறுப்பிலும் ஒட்டிய சிறு பட்டைகள். ஒன்றில் இதழின் பெயர், மற்றதில் தொகுதி எண், தங்க எழுத்தில். எடுத்து வைத்தால் உள்ளங்கையில் செந்தூள் ஒட்டும். அது வெறும் தூசி அல்ல, தோலே உதிர்வது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் சீக்கிரம் இப்படி நொறுங்கும் என்று 1901இலேயே லண்டனில் ஒரு நிபுணர் குழு எச்சரித்தது. நம் பக்கத்துத் தோல் அப்படிப் பட்டையில் பதமாகிக் கப்பல் ஏறியதுதான்.

இவற்றைக் காப்பாற்றும் கைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். காலையில் கோர்ட் கூடுமுன் சீனியர்களின் குமாஸ்தாக்கள் நீட்டும் துண்டுச் சீட்டைப் பார்த்ததும், எண்ணைத் தேடாமல் தொகுதியின் தடிமனை வைத்தே கை நீட்டும் நூலக ஊழியர்கள் உண்டு. பக்கத்தில் காகிதத் துண்டு செருகி, ரிஜிஸ்டரில் ஒப்பம் வாங்கிக் கொடுத்தனுப்புவார்கள். மாலையில் கணக்குப் பார்த்துத் திரும்ப அடுக்குவார்கள். சட்டத் திருத்தம் வந்தால் திருத்தச் சீட்டைப் பசையிட்டு, பழைய வரி மறையாதபடி ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டுவார்கள், ஏனென்றால் பழைய வழக்குக்குப் பழைய வரிதான் வேண்டும். மேல்பெஞ்ச் மாற்றிவிட்ட தீர்ப்பின் தலைமாட்டில் பென்சிலால் புதிய சைட்டேஷனை எழுதுவார்கள். கிழிந்த தொகுதி பைண்டிங்குக்குப் போகும்போது ஓரத்தை அதிகம் வெட்டிவிடாதே என்று சொல்லி அனுப்புவதும் அவர்கள்தான். வெட்டினால் அந்த எட்டு எழுத்தும் போய்விடும்.

2023 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இ-எஸ்.சி.ஆர். தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். மிக நல்ல காரியம். ஆனாலும் "திண்டுக்கல் மாவட்டம்" என்று தட்டிவிட்டு, பழைய நிலத்தகராறு ஒன்றும் வரவில்லையே என்று விழிக்கும் ஜூனியருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது: "எண்பத்தஞ்சு செப்டம்பருக்கு முன்னாடி நாம மதுரை ஜில்லா சார். அதைப் போட்டுத் தேடுங்க, வரும்."